அஸ்மா சுட்ட பான்கேக்கும் அந்த ஒரு கரண்டித் தூளும்

சுகமாகி வீட்டுக்கு வந்த பிறகு என்னைப் பார்க்க வருகிறவர்கள் சுற்றிச் சுற்றிக் கடைசியில் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கிறார்கள். "என்னத்தத் திண்டு இப்படித் தேறின நீங்க? அதச் செல்லுங்க." அவரவர் வீட்டில் ஆறாத புண்ணோடோ சோறு இறங்காத வயிற்றோடோ யாராவது படுத்திருப்பார்கள். அதனால் நானும் சலிக்காமல் சொல்வேன்: மகள் அஸ்மா சுட்டுத் தந்த பான்கேக். ஒரு முழு முட்டை, இன்னும் மூன்று முட்டையின் வெள்ளை, வறுத்து அரைத்த பயற்றம் மா, கட்டி எருமைத் தயிர், கொழுப்பு நீக்கிய பால்மா, ஒரு நுள்ளு பேக்கிங் பவுடர், உப்பு, மிளகு, பொடியாய் அரிந்த சின்ன வெங்காயம். எல்லாவற்றையும் சேர்த்து அடித்து, ஒட்டாத சட்டியில் கையகலத்துக்கு ஊற்றி, மேலே சின்னச் சின்னக் கண்ணாக வெடித்ததும் திருப்பிப் போட வேண்டியதுதான். சுபஹு தொழுதுவிட்டு அடுப்படிக்குப் போனால் தேத்தண்ணி கொதிக்கிற நேரத்துக்குள் காலைச் சாப்பாடு முடிந்துவிடும்.

ஒரு சாமானை மட்டும் சொல்லாமல் விட்டுவிடுவேன். இங்கே அதையும் எழுதிவிடுவது என்று முடிவெடுத்திருக்கிறேன்.

நோய் எனக்கு மெல்ல மெல்லத்தான் வந்தது. முதலில் களைப்பு. கறி அடுப்பில் இருக்கும்போதே கதிரையை இழுத்துப் போட்டு உட்காருவேன். அடிவயிறு இறுக்கிப் பிடிக்கும், பிறகு விடும். வாயு என்று நானே தீர்ப்புச் சொல்லி, உள்ளியையும் இஞ்சியையும் அவித்துக் குடித்துக்கொண்டிருந்தேன். மலத்தோடு இரத்தம் போனதை யாரிடமும் வாய் திறக்கவில்லை. வெட்கம். உடம்பு மெலிந்தபோது கலியாண வீடுகளில் "வடிவாகிட்டீங்க" என்றார்கள். நானும் அதைக் கேட்டு உள்ளூர மகிழ்ந்தேன். இவ்வளவு பெரிய மடைச்சி வேறு எங்கும் இருக்கமாட்டாள்.

பிறகு கால் வீங்கியது. விரலால் அழுத்தினால் குழி விழுந்து, அந்தக் குழி உடனே நிரம்பாமல் அப்படியே கிடந்தது. அதைக் கண்டதும்தான் நான் பயந்தேன். தண்ணீர் ஏறிய உடம்பு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஒருமுறை நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஆஸ்பத்திரியில் வயிற்றைக் கழுவ ஒரு கரைசலைக் குடிக்கத் தந்தார்கள். போத்தல் போத்தலாகக் குடித்துவிட்டு ஓடி ஓடிக் களைத்தேன். மறுநாள் மயக்க ஊசி போட்டு, பின்வழியாகக் குடலுக்குள் கமரா விட்டுப் பார்த்தார்கள். பெருங்குடலில் ஒரு கட்டி. அதிலிருந்து ஒரு துணுக்கைக் கிள்ளி அனுப்பினார்கள். பதில் வரும்வரை வாசல் வாங்கில் நானும் என் கணவரும் பல நாள் உட்கார்ந்திருந்தோம். அவர் பேசுகிற மனிதர் இல்லை. கையில் இருந்த தண்ணீர்ப் போத்தலின் மூடியைத் திறப்பதும் பூட்டுவதுமாக இருந்தார். புற்று என்றுதான் பதில் வந்தது. ஆனால் வேறு இடத்துக்குப் பரவவில்லை, வெட்டி எடுத்துவிட்டு இரண்டு நுனியையும் சேர்த்துத் தைக்கலாம் என்றார் டொக்டர்.

"ஆனா இப்ப தைக்கேலாது" என்று என் காலைக் காட்டினார். "ரத்தத்தில அல்புமின் எண்டு ஒரு புரதம் இருக்கு. தண்ணிய நாளத்துக்குள்ள பிடிச்சு வைக்கிறது அதுதான். உங்களுக்கு அது நல்லாக் குறைஞ்சிட்டுது. அதுதான் தண்ணி வெளிய கசிஞ்சு கால் வீங்குது. இந்த நிலையில தைச்சா குடல் ஒட்டாது. பிரிஞ்சா வயித்துக்குள்ள கிருமி பரவும். கட்டிய நெடுக விடவும் ஏலாது. சாப்பிட்டு ஏத்துங்க. முட்டை, மீன்." பிறகு என் கணவரைப் பார்த்துச் சிரித்தார். "கல்முனை ஆக்களுக்கு மீன் தின்ன நான் சொல்லித் தரவேணுமா?"

என் கணவர் தரையைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

எங்கள் வீட்டுக்குள் மீன் வருவதில்லை. சுனாமிக்குப் பிறகு வந்ததே இல்லை. அந்தக் கடல் எங்கள் மூத்த மகள் மின்ஹாவைக் கொண்டுபோனது. நான்கு வயது. என் கையைப் பிடித்துக்கொண்டுதான் ஓடினாள். உடலும் கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு கொஞ்ச காலம் கரையோரத்தில் யாருமே மீன் வாங்கவில்லை. யாரோ மீன் வயிற்றில் மோதிரம் கண்டார்களாம், யாரோ அதைவிட மோசமாக எதையோ கண்டார்களாம். நான் அந்தக் கதைகளை நம்பவில்லை என்று எனக்கே சொல்லிக்கொள்வேன். மற்றவர்கள் எல்லாரும் மெல்ல மெல்ல மீனுக்குத் திரும்பிவிட்டார்கள். என்னால் முடியவில்லை.

என் கணவரோ மீன்பிடிக்காரர். ஒலுவில் துறைமுகத்திலிருந்து படகில் போகிறவர். எங்கள் பக்கம் வீடு பெண்ணுக்குத்தான் சீதனமாக எழுதப்படும், ஆண்தான் அங்கே வந்து சேர்வார். கடற்கரையில் இருந்த என் சீதன வீடு அலையோடு போனது. பிறகு கடலை விட்டுத் தள்ளி ஊருக்குள்ளே கட்டிக் கிடைத்த வீடும் என் பெயரில்தான். என் வீடு, என் சட்டம். அவர் கடலால் வந்தால் வெளிப்பைப்பில் தலைமுழுகி, சாரம் மாற்றி, அதற்குப் பிறகுதான் வாசல்படி ஏறுவார். மீன் தின்ன ஆசை வந்தால் பக்கத்துத் தெருவில் இருக்கும், அவருடன் கூடப்பிறந்த ராத்தா வீட்டில் தின்றுவிட்டு வருவார் என்று நினைத்திருந்தேன். அதை அவரிடம் நான் கேட்டதுமில்லை, அவர் சொன்னதுமில்லை. மின்ஹாவின் பெயரையும் நாங்கள் சொல்வதில்லை. அஸ்மா பிறகு பிறந்தவள். அவளுடைய ராத்தாவைக் காட்ட எங்களிடம் ஒரு படம்கூட மிஞ்சவில்லை.

இரத்தமும் குறைவு என்று என்னை வாட்டில் படுக்க வைத்தார்கள். பார்க்க வந்தவர்கள் எல்லாரும் பேசிவைத்தது போல ஒரே வகை பிஸ்கட்டைக் கொண்டுவந்தார்கள். கட்டிலுக்குப் பக்கத்து அலுமாரி ஒரு சின்னக் கடையாகிவிட்டது. ஓதின தண்ணீர் ஒரு பக்கம், தோடம்பழம் ஒரு பக்கம். சாப்பிடத்தான் முடியவில்லை. இறைச்சியைக் கண்டாலே குமட்டியது. நேர்ஸ் மிஸ் கரைத்துத் தந்த புரத மாவைக் குடித்த வேகத்தில் வெளியே எடுத்தேன். அவித்த முட்டை வெள்ளை தொண்டையில் நின்றது. கொரோனா வந்துபோனதிலிருந்து எனக்கு மணம் தெரியாது. வாட்டில் அது ஒரு வசதிதான். ஆனால் மணமில்லாத சாப்பாட்டைப் பசியில்லாமல் தின்பது பெரிய பாடு.

இதற்கிடையில் எதிர்க்கட்டிலில் ஒரு பெண் மௌத்தானாள். முகத்தை வெள்ளைத் துணியால் மூடினார்கள். நான் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். துணி மூடிய உடலைக் கண்டால் என் கண் முதலில் போவது நீளத்துக்கு. அந்த நாட்களில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் வரிசையாக மூடிக் கிடந்தவர்களுக்கு நடுவே நடந்து, கட்டையான துணிகளை மட்டும் தூக்கித் தூக்கிப் பார்த்தவள் நான். அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை. எதிர்க்கட்டில்காரி நெட்டையானவள் என்று தெரிந்தும் அந்தத் துணியின் நீளத்தைக் கண்ணால் அளந்தேன்.

அஸ்மா உயர்தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். புத்தகத்தை மூடிவைத்துவிட்டு ஃபோனில் எங்கேயோ அந்தப் பான்கேக்கைக் கண்டுபிடித்தாள். முதல் நாள் வாழைப்பழம் போட்டு இனிப்பாகச் சுட்டு, துவாயில் சுற்றிக் காலைப் பார்வை நேரத்துக்குக் கொண்டுவந்தாள்.

"இது ரொட்டியா, அப்பமா?" என்று கேட்டேன்.

"ரெண்டுக்கும் பிறந்த புள்ள. வாயத் திறங்க உம்மா."

இரண்டு வாய்க்குமேல் போகவில்லை. இனிப்பு திகட்டியது. அவள் முகம் சுருங்கிப்போனது. ஆனாலும் விடவில்லை. அடுத்து வந்ததில் இனிப்பில்லை. மிளகும் பொடியாய் அரிந்த சின்ன வெங்காயமும் இருந்தன. அதுவும் பாதியில் நின்றது. அதற்கடுத்த நாள் கொண்டுவந்தது மட்டும் இறங்கியது. உப்பும் உறைப்புமாய் அடிநாக்கில் ஏதோ ஒரு ருசி பிடித்தது. ஒன்று முடிந்து மற்றதையும் எடுத்தேன். என் கணவர் கட்டில் கால்மாட்டில் நின்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் விழுங்கியதும் அவருடைய தொண்டையும் அசைந்தது.

"என்னத்தகா போட்ட?" என்று அஸ்மாவிடம் கேட்டேன்.

"பயத்தம் மாவக் கொஞ்சம் கூட வறுத்தன் உம்மா" என்றாள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு காலையும் அதுதான். இருவரும் வருவார்கள். அஸ்மா பெட்டியைத் திறப்பாள். அவர் நின்று பார்ப்பார். முதல் வாய் உள்ளே போகும்வரை இரண்டு பேரும் மூச்சுவிட மாட்டார்கள். நோயாளி சாப்பிடுவதை இப்படியா கண்ணூறு படப் பார்ப்பது என்று ஏசினேன்.

பக்கத்துக் கட்டிலில் காரைதீவைச் சேர்ந்த ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் இருந்தார். சீனி வருத்தம், காலில் புண். வாட்டு முழுவதையும் வகுப்பறை மாதிரி நடத்துகிற மனுசி. என் பிஸ்கட் கடையைப் பாதி விற்றுத் தீர்த்தவர் அவர்தான். பான்கேக்கைப் பலமுறை நீட்டியிருக்கிறேன். ஏதாவது ஒரு விரதம் குறுக்கே வந்துவிடும். விரத நாளில் முட்டையும் தொடமாட்டார். ஒரு நாள் காலையில் அவரே கையை நீட்டினார்.

"பிள்ளை, இண்டைக்கு எனக்கு மச்ச நாள். ஒரு துண்டு தா பாப்பம். நீ பெட்டியத் திறக்கக்குள்ள ஒவ்வொரு நாளும் எனக்கு வாயூறுது."

பிய்த்துக் கொடுத்தேன். கண்ணை மூடி மென்றார். அஸ்மா பைப்படியில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தாள், என் கணவர் மருந்துத் துண்டோடு வெளியே போயிருந்தார்.

"நெத்தலிக் கருவாட்ட வறுத்து இடிச்சுப் போட்டிருக்கா, என்ன? கெட்டிக்காரி உன்ட மகள். முள்ளுக்கூடத் தட்டுப்படல்ல."

என் வாய்க்குள் ஒரு துண்டு இருந்தது. அதை மெல்லவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. டீச்சர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாவம், அவருக்கு என்ன தெரியும்.

"ஓம் டீச்சர்" என்றேன். விழுங்கினேன்.

பிறகு கழிப்பறைக்குப் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, தொட்டிக்கு மேல் குனிந்து நின்றேன். வாந்தி வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. முன்பு மீன் சந்தையைக் கடந்து போனாலே குடலைப் பிடுங்கும் எனக்கு, இத்தனை நாள் தின்ற பிறகும் எதுவும் வரவில்லை. அதுதான் எனக்கு ஆத்திரமாக இருந்தது. என் உடம்பு என்னைக் கேட்காமலே கடலோடு சமாதானமாகிவிட்டது. கண்ணாடியில் என் வாயைப் பார்க்கப் பயந்தேன். மின்ஹாவின் சின்ன விரல்கள் என் கையிலிருந்து வழுக்கியதுதான் நினைவில் வந்துகொண்டே இருந்தது. அவள் அந்தத் தண்ணீருக்குள்தான் எங்கேயோ இருக்கிறாள். அந்தத் தண்ணீரில் வளர்ந்ததை நான் வறுத்து இடித்துத் தின்றுகொண்டிருக்கிறேன்.

வெளியே வந்தபோது அவர்கள் இருவரும் வீட்டுக்குப் போயிருந்தார்கள். டொக்டர் கட்டில் கட்டிலாகப் பார்த்துக்கொண்டு வந்தார். என் காலை அழுத்தினார். குழி ஆழமாக விழவில்லை. இரத்தப் பரிசோதனையைப் பார்த்துத் தலையாட்டினார்.

"அல்புமின் ஏறுது. என்ன சாப்பிடுறீங்க எண்டு எனக்குத் தெரியாது, ஆனா அதை நிப்பாட்டாதீங்க. இன்னும் ஒரு கிழமை இப்படியே போனா ஒப்பரேசன் செய்யலாம்."

அன்று பகல் முழுக்க அதையே யோசித்துக்கொண்டிருந்தேன். நான் வாய் திறந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவர்கள் நிறுத்திவிடுவார்கள். என் சட்டத்தை மீறிப் பழக்கமில்லாதவர்கள். அழுது மன்னிப்புக் கேட்டு, மறுநாள் வெறும் பயற்றம் மாவில் சுட்டுக் கொண்டுவருவார்கள். அது இறங்காது. தையல் பிடிக்காது. அஸ்மாவுக்கு உம்மா இல்லாமல் போகும். சாவுக்குப் பயந்தேன் என்பதையும் மறைக்கத் தேவையில்லை. நன்றாகப் பயந்தேன். ஒரு மகளை நினைத்து இவ்வளவு காலம் தின்னாமல் இருந்தது போதும், மற்றவளுக்காகத் தின்னு என்று எனக்கு நானே சொன்னேன். சொன்னதால் மனம் ஆறிவிட்டது என்று நினைக்க வேண்டாம்.

மறுநாள் அஸ்மா பெட்டியைத் திறந்தாள். வழக்கம்போல இரண்டு பேரும் மூச்சைப் பிடித்தார்கள். அவர்கள் ஏன் அப்படிப் பார்க்கிறார்கள் என்பது இப்போது எனக்குத் தெரியும். பயந்துபோயிருந்த அந்த இரண்டு முகங்களையும் பார்த்துக்கொண்டே பிஸ்மி சொல்லி வாயில் வைத்தேன்.

"நல்லா இரிக்கா உம்மா?"

"ஓம்கா. உப்புத்தான் கொஞ்சம் குறை."

மூன்றாவது வாயில் அழுகை வந்துவிட்டது. மிளகு கண்ணில் ஏறிவிட்டது என்றேன். அஸ்மா ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். ஒப்பரேசன் நாள் வரும்வரை ஒவ்வொரு காலையும் தெரிந்தே தின்றேன். ஒவ்வொரு நாளும் முதல் வாயை விழுங்குவதற்கு முன்பு, சத்தமில்லாமல், மின்ஹாவிடம் என்னை மன்னித்துக்கொள் என்று சொன்னேன். அவள் பதில் சொல்வதுபோல ஒன்றும் நடக்கவில்லை.

கட்டியை வெட்டி எடுத்துவிட்டுக் குடலைத் தைத்தார்கள். கண் விழித்தபோது மூக்கில் குழாய், வயிற்றில் குழாய். தையல் பிடித்திருக்கிறதா என்று தெரிய, குடல் அசையும்வரை காத்திருக்க வேண்டும். வாயு பிரிந்தால் நல்ல சேதி. நான் வாயு விட்டதைக் கேட்டு ஒரு டொக்டர், இரண்டு மிஸ், என் கணவர் எல்லாரும் சந்தோசப்பட்ட நாளும் வந்தது. மானம் மரியாதை எல்லாவற்றையும் அந்தக் கட்டிலோடு விட்டுவிட்டுத்தான் வீடு திரும்பினேன். டீச்சரும் அதற்குள் புண் ஆறி ஊருக்குப் போயிருந்தார்.

வீட்டிலும் அஸ்மாவே பான்கேக் சுட்டாள். ஆனால் அதில் அந்த ருசி இல்லை. யோசித்ததும் விளங்கியது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்ததையெல்லாம் அவள் மாமி, இவருடைய ராத்தா வீட்டு அடுப்பில்தான் சுட்டிருக்கிறாள். என் உயிரைக் காப்பாற்றுவதற்குக்கூட அவர்கள் என் அடுப்படிக்குள் மீனைக் கொண்டுவரவில்லை.

நிமிர்ந்து நிற்கப் பலம் வந்த ஒரு காலையில் நானே அடுப்படிக்குப் போனேன். அஸ்மா படித்துக் களைத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். மாவை அடித்து வைத்தேன். படகால் வந்தவர் வெளிப்பைப்பில் குளித்துவிட்டு ஈரத் தலையோடு பின்வாசலில் வந்து நின்றார்.

"இஞ்சருங்க. அந்தத் தூள் எங்க?"

"என்ன தூள்?"

"நெத்தலித் தூள்."

தலையிலிருந்து தண்ணீர் வடிந்து வாசல்படியில் விழுந்தது. துடைக்கவில்லை. திரும்பிப் போய், மோட்டார் சைக்கிள் சீட்டைத் தூக்கி, ஒரு பால்மா டின்னை எடுத்துவந்தார். படிக்கு வெளியே நின்றபடியே நீட்டினார்.

"எப்பயிருந்து தெரியும் உனக்கு?"

"டீச்சர் திண்டு பாத்த நாளிலயிருந்து."

"அப்ப ஏன் செல்லல்ல?"

"செல்லியிருந்தா நீங்க நிப்பாட்டியிருப்பீங்க."

ஒரு கரண்டி எடுத்து மாவில் போட்டுக் கலக்கினேன். மணம் தெரியாமல் இருந்ததற்கு அல்லாஹ்வுக்கு நன்றி சொன்னேன். அந்த நேரம் பார்த்து எனக்குக் குறும்பு வந்தது. ஊற்றிக்கொண்டே, "உங்களுக்கென்ன, ராத்தா வீட்ட போய் இவ்வளவு காலமும் வயிறு நிறைய மீன் திண்ட மனிசன். நான் இப்பதானே பழகிறன்" என்றேன்.

"நான் எங்க திண்ட?" என்றார். "ராத்தா வீட்டயும் பருப்புத்தான். அவள் கேட்டுக் கேட்டு அலுத்துப்போயிட்டாள். புடிப்பன், விப்பன். வாயில வைக்க மனம் வரல்ல." என் கைப்பக்கம் இருந்த டின்னைக் காட்டினார். "இந்தத் தூள இடிச்ச அண்டைக்குத்தான் முதல்ல திண்ட. முள்ளு கிடந்து உன்ட குடலக் கிழிச்சிருமோ எண்டு பயம். ஒவ்வொரு தரமும் இடிச்சி, நாக்கில போட்டுப் பாத்துட்டுத்தான் புள்ளைக்கிட்ட குடுத்தன்."

கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு அவரையே பார்த்தபடி நின்றேன். ஒரே வீட்டில், ஒரே காரணத்துக்காக, ஆளுக்கு ஆள் சொல்லாமல் இவ்வளவு காலம் இருந்திருக்கிறோம். சட்டியில் இருந்ததைத் திருப்பிப் போட மறந்துவிட்டேன். ஒரு பக்கம் ஓரமெல்லாம் கருகிப்போனது. அதை ஒதுக்கி வைத்துவிட்டு வேறு ஊற்றப் போனேன்.

அவர் ஈரக்காலோடு படியேறி உள்ளே வந்து, கருகினதைக் கையில் எடுத்துப் பிய்த்தார். பாதியை என்னிடம் தந்தார்.

"மின்ஹாவுக்குக் கருகின ஓரம்தானே விருப்பம்" என்றார்.